கோவையில் ஊருக்கு வெளியே பெரிய ஹோட்டலில் ரூம் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வரும் பையர்களுக்கு ரூம் போடுவது, வண்டி அனுப்புவது, திரும்ப விமானம் ஏற்றிவிடுவது வரை எல்லாம் என் பொறுப்பு. அதனாலேயே சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று எது வந்தாலும் "கோயமுத்தூர்ல நல்ல ஹோட்டலா ஒண்ணு சொல்லு" என்று எனக்குத்தான் போன் வரும். தங்கிவிட்டு வந்தவர்கள் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரூம் அரண்மனையாட்டம் இருந்துச்சு, ஆனா எங்க போறதுக்கும் தோது இல்ல." திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊருக்கு வெளியேன்னா எவ்வளவு தூரம்ங்க?

கோவையில் பெரிய செயின் ஹோட்டல்கள் எல்லாமே ஊருக்கு வெளியே இல்லை. ரேஸ்கோர்ஸில் உண்டு, அவிநாசி ரோட்டின் நடுப்பகுதியிலும் உண்டு. நாம் பேசுவது அதே அவிநாசி ரோட்டில் கிழக்கே போகப் போக வருகிறவற்றைப் பற்றி. கோயம்புத்தூர் ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் சுமார் 11 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் கோல்டுவின்ஸ், சின்னியம்பாளையம், பிறகு நீலம்பூர். நீலம்பூர் வரும்போது ஜங்ஷனிலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வந்துவிடுவோம். அங்கிருந்து எல் அண்ட் டி பைபாஸ் பிரிகிறது. அதற்கு மேல் கருமத்தம்பட்டி, அவிநாசி என்று திருப்பூர் பக்கம் போய்விடும்.

முகவரியில் "அவிநாசி ரோடு, கோயம்புத்தூர்" என்றுதான் இருக்கும். அந்த ரோடு எவ்வளவு நீளம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏமாறுவது அங்கேதான். ரூம் போடும் முன் மேப்பில் ஹோட்டலைத் தேடாதீர்கள். ஹோட்டலிலிருந்து நீங்கள் போக வேண்டிய இடத்துக்கு வழி போட்டுப் பாருங்கள். அதுவும் நீங்கள் கிளம்பப்போகும் நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

இவ்வளவு பெரிய ஹோட்டலை ஏன் அங்கே போய்க் கட்டினாங்க?

விமான நிலையம் பக்கம். கொடிசியா கண்காட்சி வளாகம் பக்கம். விளாங்குறிச்சியில் டைடல் பார்க் பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாகத் திருப்பூர் பக்கம். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போவது இந்த ஊரிலிருந்து. அதை வாங்க வருகிறவர்கள் கோவையில் இறங்கி, கோவையில் தூங்கி, பகலில் திருப்பூருக்கு வந்து போகிறார்கள். ஆயிரம் பேர் உட்காரும் ஹாலும் நூற்றுக்கணக்கான கார் நிறுத்த இடமும் வேண்டுமென்றால் ரேஸ்கோர்ஸில் அதற்கு நிலம் கிடைக்குமா?

அப்ப அந்த இடம் யாருக்குத்தான் சரி?

திருப்பூர் வேலையாக வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. காலையில் எட்டரைக்குக் கிளம்பினால், ஊர் நெரிசல் எல்லாம் எதிர்த்திசையில் நின்றுகொண்டிருக்க, நம் வண்டி மட்டும் காலியான பக்கத்தில் போகும். என் பையர்களை நான் அங்கேதான் தங்க வைக்கிறேன். ஒருமுறை ஒருவர் ஊருக்குள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, தினமும் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் கழித்தார். மூன்றாம் நாள் அவரே ஹோட்டலை மாற்றச் சொன்னார்.

கொடிசியாவில் கண்காட்சி, டைடல் பார்க்கில் மீட்டிங், மறுநாள் அதிகாலை விமானம், இவற்றுக்கும் கிழக்குப் பக்கம் பொருத்தம். ஈரோடு, சேலம் பக்கமிருந்து காரில் வந்து கேரளா போகிறவர்கள் ஒரு ராத்திரி தூங்கிப் போகவும் நல்லது.

பேரூர், மருதமலை, ஈஷா எல்லாம் பார்க்கணும். அங்கே தங்கலாமா?

வேண்டாம். கோவையில் வெளியூர்க்காரர்கள் பார்க்க ஆசைப்படுவதெல்லாம் மலையடிவாரத்தில், அதாவது மேற்கே இருக்கிறது. மருதமலை ஜங்ஷனிலிருந்து மேற்கே 12 கிலோமீட்டருக்கு மேல். பேரூர் பட்டீசுவரர் கோயில் 7 கிலோமீட்டர். 112 அடி ஆதியோகி சிலை இருக்கிற வெள்ளியங்கிரி அடிவாரம் சுமார் 30 கிலோமீட்டர். கிழக்குக் கோடியில் தங்கினால் ஊரை முழுசாகக் குறுக்கே கடந்து போய், அதேபோலக் கடந்து வர வேண்டும். மருதமலை ஒன்றுக்கே அரை நாள் போய்விடும். ஆர்.எஸ்.புரம், ரேஸ்கோர்ஸ் பக்கம் தங்குங்கள். அங்கே கொஞ்சம் சுமாரான ரூமாக இருந்தாலும், கோயில் நடை திறக்கும்போது நீங்கள் வாசலில் இருப்பீர்கள்.

பொள்ளாச்சி, பாலக்காடு போகிறவர்கள் கதை வேறு. நீலம்பூரில் ஏறி எல் அண்ட் டி பைபாஸில் ஈச்சனாரி போனால் பொள்ளாச்சி ரோடு, கடைசிவரை போனால் மதுக்கரை. மொத்தம் 28 கிலோமீட்டர். ஊருக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அது நெடுங்காலமாக இருவழிச் சாலை; லாரிகள் நிறைய. ராத்திரியில் ஓவர்டேக் எடுக்க வேண்டாம் என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மேம்பாலம் வந்துருச்சே, இன்னும் தூரம்னு சொல்றீங்களே?

நல்ல கேள்வி. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு, நான் முன்பு சொல்லிவந்த பதிலில் பாதியை மாற்ற வேண்டியதாயிற்று. பாலம் வருவதற்கு முன் லட்சுமி மில், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் என்று ஒவ்வொரு சிக்னலாக நின்று போக வேண்டும். சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் ஆகிவிடும். இப்போது ஜங்ஷன், உக்கடம், டவுன்ஹால் போக கோல்டுவின்ஸில் ஏறினால் நேராக உப்பிலிபாளையத்தில் இறங்கலாம். நிஜமாகவே பெரிய நிம்மதி.

ஆனால் பாலம் சுருக்கியது நடுவழியை மட்டும்தான். இறங்கிய இடத்தில் பழைய கோவை இருக்கிறது. ஒப்பணக்கார வீதிக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் பாலத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை டவுன்ஹால் சுற்றில் விட்டுவிடுவார்கள். பீளமேட்டில் வேலை என்றால் கடைசிவரை மேலேயே போய்ப் பயனில்லை. நடுவில் இறங்குதளம் பார்த்து இறங்க வேண்டும், அல்லது கீழேயே போக வேண்டும். டிரைவர் ஏறும் முன்பே எங்கே போகிறோம் என்று சரியாகச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு வர்ற ஒறம்பரைக்கு (சொந்தக்காரங்களுக்கு) பத்து ரூம் போடணும். அங்கே போடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் வருத்தப்படுவதும் இதில்தான். கல்யாணமே அந்த ஹோட்டல் ஹாலில் என்றால் யோசிக்காமல் போடுங்கள். மண்டபம் வேறு இடத்தில் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

நம்ம பக்கக் கல்யாணம் ஒரு வேளைக் கல்யாணம் அல்ல. முதல்நாள் சாயங்காலமே சீர் ஆரம்பித்துவிடும். இணைச்சீர்ச் சடங்குக்கு ஒரு புடவை, முகூர்த்தத்துக்கு ஒரு புடவை. சீர் செய்கிற பெண்களுக்கு மண்டபத்துக்கும் ரூமுக்கும் நாலு நடை இருக்கும். அதிகாலை நாலரை முதல் ஆறு வரை முகூர்த்தம் என்றால் மூணு மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்துக் கிளம்ப வேண்டும். ரூம் 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு வண்டி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒருத்தர் போனில் கத்த வேண்டும். மாமன் சீருக்கு நேரமாகிவிட்டது, மாமா இன்னும் சின்னியம்பாளையத்தில் இருக்கிறார் என்ற நிலைமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்திருக்க, எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மாமா முகத்தில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ரூம் போட்டுக் கொடுத்தது நான்தான்.

அதற்குப் பிறகு நான் இப்படித்தான் பிரிக்கிறேன். சீர் செய்கிறவர்கள், பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் மண்டபத்துக்கு நடை தூரத்தில், சாதாரண லாட்ஜாக இருந்தாலும் சரி. சென்னை, பெங்களூரிலிருந்து விமானத்தில் வரும் நண்பர்கள், ஆபீஸ்காரர்கள், மாலை வரவேற்புக்கு மட்டும் வருகிறவர்கள் ஹோட்டலில். ஹோட்டல்காரர்களுக்கு ஒரு டெம்போ டிராவலர் பேசி, கிளம்பும் நேரத்தைப் பத்திரிகையோடு அனுப்பிவிட வேண்டும்.

பத்து ரூமுக்கு மேல் எடுத்தால் செயலியில் போடாதீர்கள். ஹோட்டலின் விற்பனைப் பிரிவில் நேரே பேசுங்கள். விலை குறையும் என்பது ஒரு பக்கம். எந்தத் தேதி வரை ரூமைப் பணம் போகாமல் திருப்பித் தரலாம், எல்லா ரூமும் ஒரே மாடியில் கிடைக்குமா, காலை 8 மணிக்கு வந்து சேர்கிறவர்களுக்கு ரூம் தயாராக இருக்குமா, ஆளாளுக்குத் தனித்தனி பில்லா அல்லது ஒரே பில்லா என்ற நாலையும் எழுத்தில் வாங்குங்கள். பொதுவாக ரூம் தருவது பகல் 2 மணிக்கோ 3 மணிக்கோதான். ராத்திரி ரயிலில் வந்த பெரியப்பாவை லாபியில் ஆறு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதைவிட, முதல்நாள் ராத்திரிக்கும் சேர்த்து ஒரே ஒரு ரூம் எடுத்து வையுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதில் முகம் கழுவிக்கொள்ளலாம்.

வயசானவங்களுக்கு அந்த ரூம் சௌகரியப்படுமா?

என் அமுச்சியை, அதாவது பாட்டியை, ஒருமுறை கூட்டிப்போய்த் தங்க வைத்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். ரூமைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். படுக்கையைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். காலை நாலு மணிக்கு வழக்கம்போல விழித்துவிட்டார். ஜன்னல் திரையை விலக்கி நின்றுகொண்டு, "கண்ணு, அதா அந்தப்பக்கம் டியூப்லைட்டு எரியுது பாரு, டீக்கடைதான். ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாமா?" என்றார்.

கடை கண்ணுக்கு எதிரே இருந்தது. பாய்லரிலிருந்து ஆவி போவதுகூடத் தெரிந்தது. நடுவில் ஆறு வழிச் சாலை, இடுப்பளவு தடுப்புச் சுவர், விடாமல் லாரிகள். கடந்து போக வழி கிடையாது. வண்டியில் போனால் யு டர்ன் எங்கேயோ போய்த்தான் வரும். ரூமில் இருந்த கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து, பால் பவுடர் பொட்டலம் இரண்டைக் கிழித்துப் போட்டு டீ கலந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மேசையில் வைத்தார். "பால் வாசமே இல்ல கண்ணு" என்றவர், விடியும் வரை ஜன்னலோரமாக அந்தக் கடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போதெல்லாம் பெரியவர்கள் கூட வந்தால் ராத்திரி படுக்கும் முன் ரூம் சர்வீஸில் சொல்லி ஒரு பிளாஸ்க் நிறையக் காய்ச்சிய பாலோ பில்டர் காபியோ வாங்கி வைத்துவிடுகிறேன். கேட்டால் தருவார்கள். நாமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் சில. குளியலறையில் வாளியும் மக்கும் இருக்காது. ஹவுஸ்கீப்பிங்குக்குப் போன் செய்தால் கொண்டுவந்து வைப்பார்கள். குளியல் தொட்டிக்குள் ஏறி இறங்குகிற மாதிரி ரூம் வேண்டவே வேண்டாம், தனி ஷவர் உள்ள ரூமாகக் கேளுங்கள். வழுக்காத மிதியடி கேளுங்கள். கார்டு சொருகினால்தான் லைட் எரியும் என்பதையும், ஏசியைக் குறைப்பது எப்படி என்பதையும் தூங்கும் முன் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

கார் இல்லாமல் வந்தா சமாளிக்க முடியுமா?

பகலில் முடியும். கால் டாக்சி வரும், செயலி வண்டியும் வரும். சிக்கல் இரண்டு நேரத்தில்: அதிகாலையும் ராத்திரி பத்துக்கு மேலும். அருகில் வண்டி இருக்காது. தூரத்திலிருந்து வர ஒப்புக்கொண்டவர் நடுவழியில் ரத்து செய்துவிடுவார். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு ஆட்டோக்காரர் என்னிடம் சொன்னார்: "அங்க வந்து விடறதுக்குச் சிரமம் இல்லீங், திரும்பி வர்றப்ப ஒரு சவாரி கிடைக்காதுங்." அதனால்தான் கூடக் கேட்கிறார்கள். கோவை ஆட்டோவில் மீட்டர் பார்த்து ஏறுவது நடக்காத காரியம், பேசிவிட்டு ஏறுங்கள்.

ஒரு நாளில் மூன்று இடத்துக்கு மேல் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு நடைக்கும் வண்டி பிடிக்காதீர்கள். வெளி டிராவல்ஸில் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று முழுநாள் வண்டி பேசுங்கள். ஹோட்டல் வண்டி நன்றாக இருக்கும், ஆனால் அதே தூரத்துக்குப் பல மடங்கு போடுவார்கள். ரூம் மலிவு என்று கிழக்கே போனவர்கள் வண்டிக் காசையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், ரேஸ்கோர்ஸ் ரூமே மலிவாக இருந்திருக்கும்.

பஸ்ஸும் ஓடுகிறது. காந்திபுரத்திலிருந்து அவிநாசி வழி திருப்பூர் போகும் பஸ்களும் டவுன் பஸ்களும் அந்த ரோட்டில்தான் போகின்றன. டவுன் பஸ் சாதாரணக் கட்டணப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஹோட்டலில் வேலை செய்கிற பிள்ளைகள் அதில்தான் வருகிறார்கள். எந்த ஸ்டாப், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் வரவேற்பு மேசையில் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். நடந்து போகலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். நடைபாதை கிடையாது.

7,600 ரூபாய் ரூமுக்கு ஏன் அவ்வளவு வரி?

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம், அதுவும் முழுத் தொகைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,400 ரூபாய் ரூம் வரியோடு 7,770. 7,600 ரூபாய் ரூம் வரியோடு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,198 ஆகிவிடுகிறது. விலை 7,500ஐ ஒட்டி இருந்தால் ஹோட்டலுக்கே போன் செய்து கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். காலை உணவு சேர்க்காத விலை, முன்பணம் கட்டினால் ரத்து செய்ய முடியாத விலை என்று ஏதாவது ஒன்று அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். ஆனால் கல்யாணத் தேதி, விசா தேதி மாதிரி நகரக்கூடிய வேலைக்கு ரத்து செய்ய முடியாத ரூம் எடுக்காதீர்கள்.

சாப்பாட்டிலும் இதே கதை. போன நிதியாண்டில் ஒரு ரூமாவது 7,500க்கு மேல் வாடகைக்குப் போயிருந்தால் அந்த ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் 18 சதவீதம். வெளியே ஓட்டலில் 5 சதவீதம்.

கம்பெனிக் கணக்கில் தங்குகிறவர்கள் கவனிக்க: 18 சதவீத வரியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு இருக்க வேண்டும். பெங்களூர்ப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே தங்கினால் அந்த வரி செலவுதான். ஜி.எஸ்.டி. பதிவு எண்ணை ரூமுக்குள் நுழையும்போதே கொடுங்கள். பில் போட்டபின் மாற்றச் சொன்னால் சிரமப்படுத்துவார்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருக்காங்க. கட்டணுமா?

கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, சாப்பாட்டு பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மரியாதையாக எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பரிமாறிய தம்பிக்குக் கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள். அது அவருக்கே போய்ச் சேரும்.

பக்கத்தில் நல்ல சாப்பாடு கிடைக்குமா?

ஹைவேயில் கார் நிறுத்தும் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன, இட்லி தோசைக்குக் குறையில்லை. ஆனால் நம்ம ஊர்ச் சாப்பாடு என்று தேடினால் ஊருக்குள் போக வேண்டும். பெரிய ஹோட்டல் பஃபேயில் நாற்பது ஐட்டம் இருக்கும், அரிசிம்பருப்புச் சாதம் இருக்காது. சந்தகையும் தேங்காய்ப்பாலும் எப்போதாவது வைத்தால் அதிர்ஷ்டம். ஒருமுறை ஒரு பையர், வெள்ளாட்டுக் குழம்பும் பச்சைப்புளி ரசமும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஹோட்டலில் இதை ஏன் தருவதில்லை என்று கேட்டார். எனக்கும் அதே ஆதங்கம் உண்டு. செஃப்பிடம் முதல்நாளே சொன்னால் செய்து தருகிற இடங்கள் இருக்கின்றன. கொள்ளுப் பருப்பும் ரசமும் அப்படிச் சொல்லிச் செய்ய வைத்திருக்கிறேன்.

விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. வெளியிலிருந்து செயலியில் வரவழைக்கும் சாப்பாட்டை ரூம்வரை கொண்டுவர விடமாட்டார்கள், கீழே இறங்கி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹோட்டல் செயின்ல சேர்ந்த பாயின்ட் நிறைய இருக்கு. அதுக்காக அங்கேயே தங்கலாமா?

வேலை கிழக்கே என்றால் தாராளமாக. இல்லையென்றால் பாயின்ட்டை ஊட்டிக்கோ கொச்சிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேறு செயலி வழியாக ரூம் போட்டால் பெரும்பாலும் பாயின்ட் ஏறாது, உறுப்பினர் சலுகையும் கிடைக்காது. செயினின் சொந்தத் தளத்தில் போடுங்கள்.

ஆஸ்பத்திரி வேலையா வர்றோம்.

ஆஸ்பத்திரி பெயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோவை மெடிக்கல் சென்டர் விமான நிலையம் பக்கத்திலேயே அவிநாசி ரோட்டில் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்க ஹோட்டல் பொருந்தும். பி.எஸ்.ஜி. பீளமேட்டில். ஜி.கே.என்.எம். பாப்பநாயக்கன்பாளையத்தில். கங்கா மேட்டுப்பாளையம் ரோட்டில். கடைசி இரண்டுக்கும் கிழக்குக் கோடியில் தங்குவது வேண்டாம். நோயாளியோடு இருக்கிறவர்களுக்கு வேண்டியது மெத்தை அல்ல; நர்ஸ் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் போய் நிற்கிற தூரம். ஆஸ்பத்திரியைச் சுற்றியே சுத்தமான லாட்ஜ்கள் இருக்கின்றன. பணம் இருந்தாலும் அங்கேயே தங்குங்கள்.

காலை 6 மணி வந்தே பாரத் பிடிக்கணும்.

நாலரைக்கு வண்டி ஏறிவிடுங்கள். அந்த நேரத்துக்கு ரோடு காலி, பயம் வண்டி வருமா என்பதுதான். முதல்நாளே இரண்டு பேரிடம் சொல்லி வைக்காமல் கால் டாக்சிக்காரர் ஒருவரிடம் முன்பணம் கொடுத்து உறுதி செய்யுங்கள். ராத்திரியே ரூம் கணக்கை முடித்துவிடுங்கள்.

எங்க டிரைவர் எங்கே தூங்குவார்?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். சில ஹோட்டல்களில் டிரைவர்களுக்கு என்று தனியே படுக்கும் அறையும் குறைந்த விலைச் சாப்பாடும் உண்டு. சிலவற்றில் ஒன்றுமே கிடையாது. மனிதர் காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொசுக்கடியில் படுத்திருப்பார். மறுநாள் காலை அதே மனிதரை நம்பித்தான் உங்கள் பிள்ளைகளோடு மலை ஏறப்போகிறீர்கள். ரூம் போடும்போதே கேளுங்கள். இல்லை என்றால் பேட்டாவோடு லாட்ஜ் வாடகையும் சேர்த்துக் கொடுங்கள். சுற்றிலும் கடையில்லாத இடம் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டையும் நினைவில் வையுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரங்க வர்றாங்க. என்ன கொண்டுவரணும்?

பாஸ்போர்ட்டும் விசாவும் அசலாக. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறவர்கள் அதையும் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். "இவரு பொறந்ததே பல்லடத்துலதாங்க" என்று சொன்னாலும் விடமாட்டார்கள். கோபப்பட வேண்டாம்.

வந்ததும் கார்டில் பணம் பிடிச்சுட்டாங்க, ஏன்?

சாப்பாடு, லாண்டரி போன்ற செலவுக்காக ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் கணக்கிலிருக்கும் சொந்தப் பணமே முடங்கி, விடுபடச் சில நாள் ஆகும். கல்யாண வீட்டில் அந்தச் சில நாள் பெரிய விஷயம்.

12 மணிக்கு ரூமைக் காலி பண்ணணும், விமானம் ராத்திரி 9 மணிக்கு. நடுவில் என்ன செய்யறது?

முதலில் தாமதமாகக் காலி செய்ய முடியுமா என்று காலை உணவின்போதே கேளுங்கள். ரூம் நிரம்பாத நாளில் 2 மணி வரை பெரும்பாலும் விடுவார்கள். பிறகு பெட்டிகளைப் பெல் டெஸ்கில் போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, மேம்பாலம் ஏறி ஊருக்குள் போய்விடுங்கள். ஆர்.எஸ்.புரத்தில் சாப்பாடு. வரும் வழியில் அவிநாசி ரோட்டிலேயே ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் அருங்காட்சியகம், பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். சில நாட்கள் விடுமுறை உண்டு, போன் செய்துவிட்டுப் போங்கள். ஐந்தரைக்குள் ஹோட்டல் திரும்பிவிட்டால், நீச்சல் குளத்துப் பக்கத்துக் குளியலறையில் குளித்து உடை மாற்றிக்கொள்ள அனுமதி கேளுங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை. அங்கிருந்து விமான நிலையம் சில கிலோமீட்டர்தான். உள்நாட்டு விமானம் என்றால் ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும்.